முடியாததை முதலில் சொல்கிறவள்

அவள் முதன்முதலாக எங்களிடம் பேசியது வேலைக்கு ஆள் கேட்டுத்தான். ஆனால் அவள் பேசிய விதத்தைப் பார்த்தவர்கள், இருக்கிற வேலையிலிருந்தும் எங்களை விரட்ட வந்தவள் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

சிங்கவரத்தில் ஒரு கொட்டகையில் ஏழெட்டுப் பொம்பளைகள் உட்கார்ந்து விதைக்கு மல்லாட்டை உடைத்துக்கொண்டிருந்தோம். வெளியூர்க்காரர்கள் வேர்க்கடலை என்பார்கள். எண்ணெய்க்கு என்றால் மெஷினில் கொட்டி உடைத்துவிடலாம். விதைக்கு அது ஆகாது. பருப்பின் மேலிருக்கும் சிவப்புத் தோல் கொஞ்சம் கிழிந்தாலும் முளைப்பு போய்விடும். விரலால்தான் உடைக்க வேண்டும். உடைக்கும்போது தோல் கிழிந்த பருப்பை என்ன செய்வது? வாயில் போட்டுக்கொள்ள வேண்டியதுதான். கிழிந்தது உடைக்கிறவளுக்கு, முழுசு முதலாளிக்கு. அது அங்கே எழுதாத சட்டம்.

ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் வாசலில் வந்து நின்றாள் அவள்.

"கையால ஒடைக்கறவங்க ஒருத்தர் வேணும். இன்ஜினியரிங் காலேஜுல. ஒரே வேலைய திரும்பத் திரும்பச் செய்யணும், சலிச்சிப் பூடும். கூலி இங்க தர்றதுதான், அதுக்கு மேல என்னால குடுக்க முடியாது. பாத்ரூம் ரொம்ப தூரம். மெஷின் ஒண்ணு இருக்குது, அது எப்ப கீழ உழும்னு சொல்ல முடியாது."

எல்லாரும் குனிந்து மறுபடி உடைக்க ஆரம்பித்துவிட்டார்கள். எனக்கு மூட்டுவலி. தரையில் உட்கார்ந்து எழுந்திருப்பதற்குள் என் வாயிலிருந்து எல்லா சாமி பேரும் வந்துவிடும். அதனால் நான்தான் கேட்டேன்.

"ஃபேன் இருக்குதா கண்ணு?"

"இருக்குது ஆயா. ஆனா அது மெஷின் பக்கந்தான் திரும்பியிருக்கும்."

"நாற்காலி?"

"இருக்குது. ஒரு கால் ஆடும்."

அந்த ஆடுகிற காலைச் சொன்னாள் பாருங்கள், அதிலேயே நான் எழுந்துவிட்டேன். இப்படி ஒரு பிறவியை நான் பார்த்ததில்லை. நானோ வாயைத் திறந்தால் பாதி பொய். பஸ்ஸில் சீட்டுக்காக மயக்கம் வருகிறது என்பேன். ரேஷன் கடையில் வரிசையைத் தாண்ட, அடுப்பில் பால் வைத்துவிட்டு வந்தேன் என்பேன். எங்கள் வீட்டில் அப்போது மாடும் இல்லை, பாலும் இல்லை.

காலேஜில் ஊரே அவளை மேடம் என்றது. எனக்குப் பேத்தி வயது. என் வாயில் மேடம் நுழையவில்லை, கண்ணு என்றே நின்றுவிட்டது. மேல்சித்தாமூர்ப் பெண், ஜைனர் வீடு. பொழுது சாய்ந்தால் சாப்பிட மாட்டாள். சாயங்காலம் சூரியன் ராஜகிரிக் கோட்டைக்குப் பின்னால் இறங்குவதற்குள் இரண்டாவது டிபன் பாக்ஸைத் திறந்துவிடுவாள். அதே நேரத்தில் அந்தப் பொம்மைக்கும் சார்ஜர் ஒயரைச் சொருகுவாள். இரண்டு பேரும் ஜன்னலோரமாக ஒன்றாகச் சாப்பிடுவது போலிருக்கும்.

பொம்மை என்பது நான் வைத்த பேர். பிள்ளைகள் ரோபோ என்பார்கள். அவள் மெஷின் என்றுதான் சொல்லுவாள்.

"ரோபோன்னா ஜனங்க நெறைய எதிர்பாக்கறாங்க ஆயா. மெஷின்னு சொன்னா ரிப்பேரயும் சேத்து எதிர்பாப்பாங்க."

பத்து வயசுப் பிள்ளை உயரம். இரண்டு கை, இரண்டு கால், முகம் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்புக் கண்ணாடி. கண், மூக்கு, வாய் எதுவும் கிடையாது. ஒரு டிராக்டர் வாங்குகிற விலையாம். "இதான் ஆயா இருக்கறதுலயே மலிவு" என்றாள். டிராக்டராவது நடவு முடிந்தால் வாடகைக்குப் போகும். இது நடக்கும்போது விழாமலிருக்க, மேலே இரும்புச் சட்டத்தில் தூளி மாதிரி கயிறு கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். மணிக்கணக்கில் சார்ஜ் ஏற்றினால் ஒரு மணி நேரம் ஆடும். முட்டி சூடேறிவிட்டால் அதுவாக நின்றுவிடும். அதில் மட்டும் நானும் அதுவும் ஒரே ஜாதி.

நான் சேர்ந்த வாரத்தில்தான் அதற்குப் பூஜை போட்டார்கள். காலேஜ் தாளாளர் பட்டு வேட்டியில் வந்தார். பொம்மைக்கு மாலை, கண்ணாடி முகத்தில் சந்தனம், குங்குமம். எல்லாம் முடிந்து, புது வண்டிக்கு வைக்கிற மாதிரி இரண்டு காலுக்கும் முன்னால் எலுமிச்சம்பழம் வைத்தார்கள்.

"சார், எலுமிச்சம்பழத்து மேல அதால நடக்க முடியாது" என்றாள் அவள்.

"நசுக்கிட்டு வரட்டும் மேடம். லாரியே வருது."

"லாரிக்கு சக்கரம் இருக்குது சார். இது உழுந்துடும்."

"நல்ல காரியத்துல இன்னா மேடம் உழும் உழும்னு! கயித்த அவுருங்கப்பா, போட்டோவுல கேவலமா தெரியுது."

கயிற்றை அவிழ்த்தார்கள். பொம்மை வலது காலை எடுத்து எலுமிச்சம்பழத்தின் மேல் வைத்தது. பழம் நசுங்கவில்லை, உருண்டது. பொம்மை கற்பூரத் தட்டோடு ஐயரையும் சேர்த்துக்கொண்டு தரைக்குப் போனது. ஐயருக்குச் சிராய்ப்பு. பொம்மைக்கு இடது கையில் ஒரு விரல் போய்விட்டது. அவள் ஓடிப்போய் முதலில் ஐயரைத் தூக்கினாள், பிறகு விரலைத் தேடி எடுத்தாள். "நான் சொன்னேன்ல" என்று யாரிடமும் சொல்லவில்லை. நானாக இருந்தால் மூன்று தலைமுறைக்குச் சொல்லிக்காட்டியிருப்பேன்.

என் வேலை இதுதான். கையில் ஒயர் வைத்த கையுறை, தலையில் சின்ன கேமரா. நான் மல்லாட்டையை எடுத்து, முனையை அழுத்தி உடைத்து, பருப்பைத் தட்டில் போட வேண்டும். என் கை போகிற போக்கையெல்லாம் கம்ப்யூட்டர் பிடித்து வைத்துக்கொள்ளும். நாள்கணக்கில் அப்படிச் செய்தால் பொம்மை அதைப் பார்த்து அதுபோலவே செய்யப் பழகுமாம்.

"அதுக்கு வெரல்ல உணர்ச்சி கெடையாது ஆயா. கல்லா, மல்லாட்டையான்னு தொட்டுத் தெரியாது. நீங்க இன்னா செய்றீங்களோ அத்த மட்டுந்தான் செய்யும். அதனால வேற எதுவும் செய்யாதீங்க. முக்கியமா தின்னாதீங்க."

"சேச்சே, எனக்கு மல்லாட்டையே புடிக்காது கண்ணு" என்றேன்.

ஐம்பது வருஷமாக உடைக்கிற கை. பத்துப் பருப்பு தட்டுக்குப் போனால் ஒன்று வாய்க்குப் போவது அதற்கு மூச்சு விடுகிற மாதிரி. முதல் நாளே கேட்டுவிட்டாள். கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே, "ஆயா, நடுவுல கை எங்க போச்சு? படத்துலேருந்து மறைஞ்சி பூட்டுது."

வாயில் இருந்ததை மெல்லாமல் கன்னத்துக்குத் தள்ளினேன். "மூக்கு அரிச்சிது கண்ணு."

"ஓ" என்று நோட்டில் எழுதிக்கொண்டாள். சிவப்பு அட்டை போட்ட நோட்டு. அதில்தான் எல்லாம் எழுதுவாள்.

அவள் நம்பிவிட்டாள். அதுதான் சங்கடம். பொய் சொல்லத் தெரியாதவர்களுக்கு அடுத்தவர் பொய்யும் தெரிவதில்லை. மறுநாள், மல்லாட்டைத் தூசி எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை போலும் என்று மெடிக்கலில் கேட்டு ஒரு களிம்பு வாங்கிவந்தாள். அதற்கு அடுத்த நாள் முகத்துக்கு மாஸ்க். நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஒவ்வொரு பருப்புக்கும் மாஸ்க்கைக் கீழே இழுத்து, உள்ளே தள்ளி, மறுபடி மேலே விட வேண்டும். அந்த நேரத்தில் இரண்டு காயை உடைத்துவிடலாம். "இன்னும் அரிக்குதா ஆயா?" என்று அவள் கவலையாகக் கேட்கும்போது, தலையை மட்டும் ஆட்டுவேன். வாய் நிறைய இருக்கும்.

அவளுடைய அம்மா ஒரு தடவை காலேஜுக்கு வந்து என்னிடம் அழுதது. பெண் பார்க்க வந்தார்களாம். கேசரி, பஜ்ஜி எல்லாம் வைத்து, பெண்ணோடு பேசுங்கள் என்று விட்டிருக்கிறார்கள். இவள் அந்தப் பையனிடம், "எனக்கு சமைக்க வராது. தூக்கத்துல கொறட்ட விடுவேன். வேலைய விட முடியாது, ஞாயித்துக்கெழமையும் லேபுக்குப் போவேன்" என்று ஆரம்பித்திருக்கிறாள். முடியும் என்கிற பக்கத்துக்கு வருவதற்குள் அவர்கள் செருப்பு மாட்டிவிட்டார்கள்.

"நீங்களாவது சொல்லுங்கம்மா. கொஞ்சம் மறைச்சிப் பேசுன்னு" என்றது அந்தம்மா.

நல்ல ஆளிடம்தான் வந்து சேர்ந்தது. சொல்லிப் பார்த்தேன்.

"கொறட்டைய ஏன் கண்ணு சொன்ன? அது கல்யாணத்துக்கப்புறம் அவனே கண்டுபுடிச்சிப்பானே!"

"கண்டுபுடிச்சப்புறம் ஏமாந்துட்டோம்னு நெனைப்பாங்கல்ல ஆயா?"

"எல்லாருந்தான் ஏமாந்தோம். எங்க வீட்டுக்காரரு டவுன்ல சொந்தக் கடைன்னு சொல்லிக் கட்டிகினாரு. கட இருந்துது. அதுல அவரு மூட்ட தூக்கினு இருந்தாரு."

சிரிப்பாள் என்று பார்த்தேன். "பாவம் ஆயா நீங்க" என்றாள்.

தாளாளருக்கு அவள்மேல் கோபம் ஏறிக்கொண்டே போனது. காலேஜில் சேர்க்க வந்த ஒரு அப்பா, "இதப் படிச்சா எம்பொண்ணுக்கு வேல நிச்சயந்தானே?" என்று கேட்டிருக்கிறார். "அத என்னால சொல்ல முடியாது. இன்னா கத்துக்குவாங்கன்னு சொல்ல முடியும்" என்று இவள் சொல்ல, அவர் பெண்ணைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறிவிட்டார். கடைசியில் தாளாளர் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார். வெளியிலிருந்து மூன்று பெரியவர்கள் வந்து பொம்மையைப் பார்ப்பார்கள். அவர்களுக்குத் திருப்தி என்றால் இன்னும் இரண்டு வருஷத்துக்கு இந்த ஆராய்ச்சிக்கு உதவி கிடைக்கும். இல்லையென்றால் லேப் கிடையாது. அந்த ரூமை அட்மிஷன் ஆபீஸ் ஆக்கிவிடுவார், பொம்மையை வாசலில் நிறுத்திவிடுவார்.

"வாசல்ல நின்னு இன்னா சார் செய்யும்?"

"வணக்கம் வைக்கும். மேடம், அந்தப் பெரியவங்க வரும்போது ஒரு ஸ்டூடண்ட்ட திரைக்குப் பின்னாடி ரிமோட்டோட ஒக்கார வைங்க. தண்ணி டம்ளர் குடுக்கட்டும், கை குலுக்கட்டும். யாருக்குத் தெரியப்போவுது?"

"எனக்குத் தெரியும் சார்" என்றாள்.

அவர்கள் வந்த நாள் வெயில் கோட்டைப் பாறையையே வறுத்துக்கொண்டிருந்தது. ரூமில் இருந்த ஒரே ஃபேன் வழக்கம்போல் பொம்மைக்கு. மூன்று பெரியவர்களும் கர்ச்சீப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். நான் நல்ல புடவை கட்டி ஆடுகிற நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

அவள் ஆரம்பித்தாள். மாடிப்படி ஏறாது. மணலில் நடக்காது. கயிறு இல்லாமல் நிறுத்தினால் பொறுப்பில்லை. தண்ணீர் பட்டால் போச்சு. வெயிலில் முட்டி நின்றுவிடும். ஈரக் காயையும் காய்ந்த காயையும் பிரித்துப் பார்க்காது. சொல்லிக்கொண்டே போனாள். தாளாளர் அவளைப் பார்க்கப் பிடிக்காமல் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருவழியாக, "இதுக்கு நடுவுல ஒரே ஒரு வேலைய கத்துக் குடுத்திருக்கோம்" என்று பட்டனை அழுத்தினாள்.

பொம்மை ஒரு காயை எடுத்தது. நசுக்கிக் கூழாக்கியது. இரண்டாவது கீழே விழுந்தது. மூன்றாவது பட்டென்று உடைந்தது. அந்தப் பருப்பை இரண்டு விரலால் எடுத்தது. என் விரல் மாதிரியே சுண்டுவிரலை மடக்கிக்கொண்டு எடுத்தது. எடுத்த பருப்பைத் தட்டுக்குக் கொண்டு போகவில்லை. கையை மெதுவாகத் தூக்கி, கறுப்புக் கண்ணாடி முகத்தில், வாய் இருந்தால் எங்கே இருக்குமோ அங்கே வைத்து ஒரு தட்டுத் தட்டியது. விரலைத் திறந்தது. பருப்பு நெஞ்சில் பட்டுத் தரையில் விழுந்தது. அதற்கு முன்னால் என்ன செய்தது தெரியுமா? இன்னொரு கையால் முகத்தில் இல்லாத எதையோ கீழே இழுத்துவிட்டுக்கொண்டது. மாஸ்க்!

ஐம்பது வருஷத்தில் எந்த முதலாளியும் பிடிக்காத என்னை, கண்ணே இல்லாத பொம்மை சபையில் காட்டிக்கொடுத்துவிட்டது.

ரூமே சிரித்தது. பெரியவர்களில் கண்ணாடி போட்டவர் எழுந்தே நின்றுவிட்டார். "பிரமாதம்மா! எப்படிச் செஞ்சீங்க இத?"

தாளாளர் விடவில்லை. "ருசி பாக்குது சார்! வெதை தரமா இருக்குதான்னு செக் பண்ணுது! எங்க மேடத்தோட ஐடியா."

கண்ணாடிக்காரர் தலையாட்டிக்கொண்டே எழுத ஆரம்பித்தார். அவள் ஒன்றும் செய்ய வேண்டாம். வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும். ரூம் அவளுடையது. நான் அவளையே பார்த்து மனசுக்குள் சொல்கிறேன், பேசாத கண்ணு, பேசாத.

"இல்ல சார்" என்றாள். "அதுக்கு ருசி தெரியாது. தரம் பாக்கவும் தெரியாது. இத நான் கத்துக் குடுக்கல. ஏன் செய்யுதுன்னு எனக்குத் தெரியல. கண்டுபுடிச்சி எழுதறேன்."

அவர் எழுதுவதை நிறுத்தினார். நான் எழுந்து, "நாந்தாங்க" என்று சொல்லியிருக்கலாம். நாற்காலியின் ஆடுகிற காலைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு அக்கறையாக அந்தக் காலை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

எல்லாரும் போன பிறகு என் பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்தாள்.

"ஆயா, மூக்கு அரிச்சா வெரல் மூக்குக்குத்தானே போவணும்? இது வாய்க்குப் போவுதே."

"கிழிஞ்சத மட்டுந்தான் கண்ணு தின்னேன்" என்றேன். அப்போதும் பாருங்கள், உண்மைக்குப் பக்கத்தில் போய்த் திரும்பிவிட்டேன்.

கம்ப்யூட்டரில் பழைய படங்களைப் போட்டாள். என் விரல் நடுவில் பருப்பு. பெரிசாக்கிக் காட்டினாள். முழுசு. அடுத்தது, முழுசு. அதற்கு அடுத்தது, சிவப்பாக, கொழுகொழுவென்று, முழுசு. பொறுக்கிப் பொறுக்கி நல்லதாகத்தான் தின்றிருக்கிறேன்.

அப்போதுதான் அவள் சிரித்து நான் பார்த்தேன். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அது சிரிப்புத் தண்ணீர்தானா என்று எனக்கு இன்னும் சந்தேகம்.

"மெஷின் சரியாத்தான் கத்துனு இருக்குது ஆயா. நீங்க செஞ்சத அது பாத்துது. நீங்க சொன்னத நான் கேட்டேன்."

அவர்களுக்குக் கடிதம் எழுதினாள். எனக்குப் படித்தும் காட்டினாள். சொல்லிக்கொடுத்தவர் நடுநடுவே தின்றார், சரிபார்க்காதது தன் தவறு என்று இருந்தது. என் பேர் இல்லை.

"பசிக்குத் தின்னாள்னு எழுதிடாத கண்ணு. எம்மருமவ சோறு போடலன்னு ஆயிடும். ருசிக்குத் தின்னாள்னு எழுது."

எழுதினாள்.

பதில் வந்தது. மாதக் கடைசிக்குள் ஒரு பருப்பையாவது தோல் கிழியாமல் எடுத்துத் தட்டில் போட்டால் எழுதுங்கள், மறுபடி வந்து பார்க்கிறோம் என்றிருந்தது. முதலிலிருந்து ஆரம்பித்தோம். இரண்டு நாள் பல்லைக் கடித்துக்கொண்டு உடைத்தேன். மூன்றாம் நாள் கையுறையைக் கழற்றி மேஜைமேல் வைத்தேன்.

"தின்னாம ஒடைக்க என்னால முடியாது கண்ணு."

அவள் என்னவோ பரிசு வாங்கின மாதிரி முகம் மலர்ந்து சிவப்பு நோட்டை எடுத்தாள். பொம்மையால் முடியாதவை என்று எழுதியிருந்த பட்டியலுக்குக் கீழே என்னையும் எழுதினாள். பிறகு ஒரு கிண்ணத்தில் வறுத்த மல்லாட்டை கொண்டுவந்து வைத்தாள். வாய் கேட்டால் கையுறையைக் கழற்ற வேண்டும், தின்ன வேண்டும், கை துடைத்து மாட்ட வேண்டும். இவ்வளவுதான். இதை முதல் நாளே கேட்டிருந்தால் முதல் நாளே வைத்திருப்பாள்.

மாதத்தின் கடைசி நாள். ரூமில் நாங்கள் இரண்டு பேரும் பொம்மையும் மட்டும். வாசலில் அட்மிஷன் ஆபீஸ் போர்டைக் கொண்டுவந்து சாய்த்து வைத்திருந்தார்கள். காலையிலிருந்து சார்ஜர் ஒயரைக் கழற்றாமலே பொம்மை நசுக்கிக்கொண்டே இருந்தது. முட்டி சூடேறி இரண்டு தடவை நின்றது. சாயங்காலம், அவள் டிபன் பாக்ஸைத் திறக்கிற நேரத்துக்கு, ஒரு காய் பட்டென்று உடைந்தது. சுண்டுவிரல் மடங்கியது. இரண்டு விரல் பருப்பைத் தூக்கியது. முகத்துக்குப் போகவில்லை. தட்டில் போட்டது.

அவள் டிபன் பாக்ஸை அப்படியே கீழே வைத்தாள். பிறகு ஓடினாள். தோலைப் பார்ப்பதற்கு அலமாரியிலிருந்து பூதக்கண்ணாடி எடுக்க ஓடினாள். திரும்பி வந்து தட்டைப் பார்த்தாள்.

"ஆயா, பருப்பு எங்க?"

சத்தியமாக எனக்கே தெரியாது. கை போய்விட்டது. அது எடுத்தது, இது தின்றது.

"மூக்கு..." என்று ஆரம்பித்துவிட்டு, அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன். "தின்னுட்டேன் கண்ணு. ஆனா அது முழுசு. எடுக்கும்போது பாத்தேன். நாக்குலயும் பாத்தேன். தோலு கிழியல."

அவள் பொம்மையைப் பார்த்தாள். முட்டி சூடேறி அது மறுபடி நின்றிருந்தது. படத்தைப் போட்டுப் பார்த்தாள். பருப்பின் ஒரு பக்கம்தான் தெரிந்தது. அடுத்த பக்கம் என் வயிற்றில். வெகுநேரம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்துவிட்டு எழுதினாள். படித்துக் காட்டு என்றேன். கொஞ்சமும் தயங்காமல் படித்தாள்.

"ஒரு பருப்பைத் தட்டில் போட்டது. முழுசு என்று சொல்லிக்கொடுத்தவர் சொல்கிறார். நான் பார்க்கவில்லை. அவர் முன்பு பொய் சொன்னவர்."

"அந்தக் கடைசி வரி வேணுமா கண்ணு?"

"வேணும் ஆயா."

பெரியவர்கள் வரவில்லை. யார் வருவார்கள்? ரூம் அட்மிஷன் ஆபீஸ் ஆனது. பொம்மை வாசலில் மாலை போட்டுக்கொண்டு, திரைக்குப் பின்னாலிருந்து யாரோ அழுத்த அழுத்த வணக்கம் வைக்கிறது. அவள் நோட்டையும் டிபன் பாக்ஸையும் எடுத்துக்கொண்டு வேறு ஊருக்கு வேலைக்குப் போய்விட்டாள். போகும்போது என்னிடம், "அடிக்கடி போன் பண்ண முடியாது ஆயா, மறந்துடுவேன்" என்றாள். சொன்னபடியே மறந்துவிட்டாள்.

நான் சிங்கவரத்துக் கொட்டகையில் மறுபடி தரையில் உட்கார்ந்து உடைக்கிறேன். கூட இருக்கிறவர்களிடம் சொன்னால், "உன் பேச்ச யாரு நம்புவா, போ" என்கிறார்கள். அவர்கள் நம்பாவிட்டால் போகட்டும். எங்கே இருந்தாலும் அந்தச் சிவப்பு நோட்டை எடுத்து ஒரு வரியைத் திருத்திக்கொள் கண்ணு. அந்தப் பருப்பு முழுசு. இரண்டு பக்கமும் முழுசு. எனக்கு மூக்கும் அரிக்கவில்லை.